கை நனைக்காமல் வந்த வீடு

நாளைக்கு மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறீர்கள். போகிற வீட்டில் சாப்பிடச் சொன்னால் சாப்பிடலாமா, கூடாதா என்று கேட்டீர்கள். சென்ற வைகாசி வரை நான் இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்லியிருப்பேன். இப்போது சொல்வதானால் முழுவதும் சொல்ல வேண்டும். பேருந்து பட்டுக்கோட்டை போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளுங்கள், காற்றில் பேச்சு நிற்காது.

முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன. என் பெயர் மங்கையர்க்கரசி. பெண்கள் பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியை, இலக்கணம் நடத்தியவள். அதனால்தான் பேச்சு இப்படி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் நான் ஒருத்திதான். ஒரே மகள், நன்முல்லை. வயது முப்பத்திரண்டு. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் என்னும் ஊரில் பொறியாளர். அவளோடு வேலை செய்கிற, அவளுக்குப் பிடித்த பையன் ஒருவன், ருய் என்று பெயர். போர்ச்சுகல் நாட்டுக்காரன், லிஸ்பன் அவனுக்குச் சொந்த ஊர். அவனுக்குத் தந்தை இல்லை, தாய் மட்டும். அந்த அம்மாளின் பெயர் லூர்தெஸ். நம் பக்கத்தில் லூர்துமேரி என்று வைக்கிறார்களே, அதே பெயர்தான். நான் லூர்து அம்மாள் என்றே சொல்லிவிடுகிறேன்.

ஆமாம், கிறித்தவர்கள். அதற்காக ஒரு வாரம் வருந்தினேன். பிறகு விட்டுவிட்டேன்.

அடுத்தது, கை நனைப்பது. உங்களுக்குத் தெரியும்தான். இருந்தாலும் சொல்கிறேன், தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டதில்தான் எல்லாம் வந்தது. சம்பந்தம் பேசப் போன வீட்டில், பேச்சு முடிவாகும் வரை நாம் சாப்பாட்டுக்கு உட்காருவதில்லை. சொஜ்ஜி, பஜ்ஜி, காப்பி வேறு. அது வந்தவருக்குச் செய்யும் உபசாரம். சோறு வேறு. சோற்றில் கை வைத்துவிட்டால் உறவு என்று பொருள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நாளை வேண்டாம் என்று சொன்னால், அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் உண்டா? ஆகையால் சாப்பிடாமல் இருப்பது அந்த வீட்டுக்கு நாம் செய்யும் மரியாதை. நான் மரியாதைதான் செய்தேன். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. தந்தை இல்லாத பெண்ணுக்கு வாக்குக் கொடுக்க வேண்டியவர் தாய்மாமன். என் அண்ணன் தியாகராசன் கும்பகோணத்தில் இருக்கிறார். அவரைக் கேட்காமல் நான் வாய் திறக்க முடியாது. திறந்ததும் இல்லை.

இவ்வளவுதான் முன்னுரை. இனி நடந்தது.

சித்திரையில் மகள் என்னை ஜெர்மனிக்கு அழைத்துக்கொண்டாள். இரண்டு மாதம் இருந்தேன். ஒருநாள் காப்பி கலந்துகொண்டே சொன்னாள்: "அம்மா, அடுத்த வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு லிஸ்பன் போறோம். சனிக்கிழமை ருய் வீட்ல லஞ்ச். அவங்க அம்மா உன்னப் பாக்கணும்னு சொல்றாங்க."

பையன் வீட்டுக்குப் பெண்ணைப் பெற்றவள் முதல்முறை போவது என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. யார் யார் வருவார்கள், என்ன கேட்பார்கள், தட்டு எடுத்துப் போக வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டேன்.

"கேள்வித்தாள் மாதிரி ஆரம்பிக்காத. இது பொண்ணு பாக்குற சடங்கெல்லாம் இல்லம்மா. சும்மா சாப்பாடு. போறோம், சாப்பிடறோம், வர்றோம்."

வெட்கத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? உள்ளே போய் அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினேன். "அரசி, அவசரப்பட்டு வாய விட்டுறாத. கை நனைக்காம வா. மத்தத ஊருக்கு வந்து பேசிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதுவே போதும். நான் மாம்பழ நிறக் காஞ்சிபுரம் புடைவையை எடுத்து வைத்தேன். சும்மா சாப்பாட்டுக்கு யாராவது பட்டுப்புடைவை எடுத்து வைப்பார்களா? அவள் அதைப் பார்த்திருந்தால் புரிந்துகொண்டிருக்க வேண்டும். பார்த்தாள். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் லிஸ்பன் போய் இறங்கினோம். மேடும் பள்ளமுமான ஊர். எங்கே பார்த்தாலும் படிக்கட்டு, வெயில், கூட்டம். அந்த வாரம் அவர்களுக்குப் புனிதர் திருவிழா. தெருவுக்குத் தெரு வண்ணக் காகிதத் தோரணம், பாட்டு, நடுத்தெருவிலேயே அடுப்பு வைத்து மீன் சுடுகிறார்கள். மத்தி மீன். எனக்கு அந்தப் புகை ஆகாது. கைக்குட்டையை மூக்கில் வைத்தேன். ருய் பார்த்துவிட்டான். உடனே தெருவை மாற்றி, ஆளில்லாத ஒரு படிக்கட்டு வழியாக அழைத்துப் போனான். வழுவழுவென்று தேய்ந்த கல். நான் இறங்கும்போது எனக்கு ஒரு படி கீழே, பக்கவாட்டில் திரும்பியபடியே அவன் இறங்கினான். நான் சறுக்கினால் அவன் மேல்தான் விழ வேண்டும். அப்படி ஓர் ஏற்பாடு. நான் கவனித்தேன். சொல்லவில்லை.

வழியில் சிறு சிறு தொட்டிகளில் ஒரு செடி விற்றார்கள். நம் திருநீற்றுப்பச்சை இனம். நான் குனிந்து முகரப் போனேன். ருய் பதறிப்போய்த் தடுத்தான். மூக்கை நேரே வைத்து முகர்ந்தால் செடி வாடிவிடுமாம். உள்ளங்கையைச் செடியின் மேல் வைத்து, பிறகு கையை முகர வேண்டுமாம். செய்து காட்டினான். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஒரு செடியை முகர்வதற்கே முறை வைத்திருக்கிற மக்கள், நம் முறையைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இந்தச் சம்பந்தம் நடக்கலாம் என்று மனத்துக்குள் நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான். மகளிடம் சொல்லவில்லை. அண்ணனைக் கேட்காமல் எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை. ஒரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஐந்து நிமிடம் முன்னதாகவே போனோம். நான்காவது மாடி, மின்தூக்கி இல்லை. லூர்து அம்மாள் கதவைத் திறந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். நான் நின்றுகொண்டேன், தள்ளவில்லை. என் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் முப்பது ஆண்டாக வேலை. என் முழங்கையைத் தொட்டு, புடைவையைத் தொட்டு, ஏதோ சொல்லிக் கைகளைத் தட்டினார். மகள் அவர்கள் மொழியில் ஏதோ சொல்ல, மூவரும் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "நீ ராணி மாதிரி இருக்கியாம். நான் பேரே அரசிதான்னு சொன்னேன்" என்றாள். மகள் அன்றைக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தாள். அதையும் நான் கவனித்தேன்.

மேசை நிறைய உணவு. எல்லாம் சைவம். கீரையும் உருளைக்கிழங்கும் கடைந்த சூப்பு, தக்காளிச் சோறு, கொண்டைக்கடலை, ஆரஞ்சுப்பழக் கேக்கு. பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்து வைத்திருந்தார்கள், நம் பஜ்ஜியேதான். முட்டை சேர்க்காமல் செய்தது என்று ருய் இரண்டு முறை சொன்னான். பாத்திரங்கள் பளபளவென்று இருந்தன. ஒரு சட்டியின் பக்கத்தில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. அதைக் கிழிக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். தட்டில் பரிமாறினார்கள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"சாப்பிடுங்க, அத்தை" என்றான் ருய். தமிழில் சொன்னான். அந்த இரண்டு சொற்களை அன்றைக்காகவே கற்றுக்கொண்டிருக்கிறான். முறை முடிவாகாமல் அத்தை என்று அழைக்கக்கூடாது. ஆனால் அவனுக்கு எப்படித் தெரியும்? நான் புன்னகை செய்தேன்.

"அம்மா, சாப்பிடு" என்றாள் மகள்.

"நீங்கள் சாப்பிடுங்கள்" என்றேன்.

"ஒரு வாய் சாப்பிடும்மா. உனக்காகத்தான் செஞ்சிருக்காங்க."

"நன்றாக இருக்கிறது என்று சொல். பார்க்கவே நன்றாக இருக்கிறது. நான் தண்ணீர் மட்டும் குடிக்கிறேன்."

பஜ்ஜி தனியாக வந்திருந்தால் எடுத்திருப்பேன். உண்மையாகச் சொல்கிறேன், எனக்கு நல்ல பசி. ஆனால் பஜ்ஜியும் சோறும் ஒரே தட்டில் இருந்தன. காப்பி வரும், அதைக் குடிக்கலாம் என்று காத்திருந்தேன். காப்பி வரவே இல்லை. அந்த ஊரில் சாப்பாடு முடிந்த பிறகுதான் காப்பி என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. சாப்பாடு முடிந்தால்தானே!

நான் உண்ணாததால் யாரும் உண்ணவில்லை. லூர்து அம்மாள் என் தட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். சூப்பு ஆறிவிட்டதோ என்று எடுத்துப் போய்ச் சூடு செய்து கொண்டுவந்தார். மறுபடியும் ஆறியது. கடைசியில் எழுந்து ஒவ்வொரு பாத்திரத்தையும் மூடினார். மூடிவிட்டு மகளிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"உங்களுக்கு எங்க வீடு பிடிக்கலையான்னு கேக்குறாங்க" என்றாள் மகள்.

சம்பந்தியம்மாள் நேரே கேட்டுவிட்டார். நானும் முறையாகப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? எழுந்து நின்று, கைகூப்பி, "ஊருக்குப் போய்ப் பெரியவர்களைக் கலந்துகொண்டு சொல்லி அனுப்புகிறோம்" என்றேன். "இதை அப்படியே சொல்" என்று மகளிடமும் சொன்னேன்.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவர்களிடம் ஏதோ சொன்னாள். நான் சொன்னது நீளமான வாக்கியம். அவள் சொன்னது மூன்றே சொல். லூர்து அம்மாள் தலையை ஆட்டினார். வாசல் வரை வந்தார். இந்த முறை முத்தம் இல்லை.

ருய் தன் தாயோடு நின்றுவிட்டான்; நான்கு மாடியும் மகள் எனக்கு முன்னால் இறங்கினாள். தெருவுக்கு வந்த பிறகு நின்றாள்.

"ரெண்டு நாள் லீவு போட்டு சமைச்சாங்கம்மா. வீட்டுப் பாத்திரத்துல மீன் செஞ்சிருக்கோம், உங்கம்மாவுக்கு ஆகாதுன்னு சட்டி, கரண்டி எல்லாம் புதுசா வாங்கினாங்க."

"அப்படியானால் விலைச்சீட்டைக் கிழித்திருக்கலாம்" என்றேன்.

அந்த நேரத்தில் அது சொல்ல வேண்டாத வார்த்தைதான். வாயில் இருந்ததால் வந்துவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எனக்கு வேண்டாம்னு நேரா சொல்லிருக்கலாமே. எதுக்கு இவ்ளோ சுத்தி வளைச்சு?"

"நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. சொல்லி அனுப்புகிறோம் என்றுதான் சொன்னேன்."

"சொல்லி அனுப்புறோம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? திருச்சிக்காரங்க சொல்லிட்டுப் போனாங்களே, அது என்ன அர்த்தம்?"

அது வேறு கதை. அவளுக்கு இருபத்தாறு வயதில் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வந்தது. பஜ்ஜி சாப்பிட்டார்கள், பாடச் சொன்னார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மூன்று மாதம் காத்திருந்தோம். சொல்லி அனுப்பவில்லை. அவர்கள் பொய்யாகச் சொன்னார்கள். நான் உண்மையாகச் சொன்னேன். இரண்டும் ஒன்றாகுமா? இதை அவளிடம் சொன்னேன். அவள் முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

விடுதி அறைக்கு வந்ததும் எனக்குத் தலை சுற்றியது. காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லையே. ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிளறி எடுத்து வந்த புளிச்சாதம் பையில் இருந்தது. எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். நிமிர்ந்தபோது மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கும் வைக்கட்டுமா?" என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதாகத் திட்டம். திட்டமிட்டபடி போனோம். ரயிலில் அரை மணி. நீலமான பெரிய கடல். மணலில் ஆயிரம் பேர் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் தனியாகப் போய்த் தண்ணீரில் நின்றாள். நான் ஒரு பலகையில் உட்கார்ந்தேன். ருய் இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி வந்து ஒன்றை என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். கடையில் வாங்கியது, அதற்குத் தடை இல்லை.

"அம்மாவுக்கு மிகவும் வருத்தம்" என்றான் ஆங்கிலத்தில்.

"எல்லாம் நேரம் வந்தால் சரியாகும்" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"எந்த நேரம்?" என்று கேட்டான். பரிகாசமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் என்ன சொல்வது? நாள் பார்க்காமல் நாள் சொல்ல முடியுமா? அவன் ஐஸ்கிரீம் கையில் உருகிக்கொண்டிருந்தது. அவன் அதைச் சாப்பிடவில்லை. நான் என்னுடையதை முடித்துவிட்டேன். மகள் தண்ணீரிலிருந்து திரும்பி எங்களைப் பார்த்தது அப்போதுதான்.

நான் ஆனி நடுவில் ஊருக்குத் திரும்பினேன். இதற்குப் பிறகு நான் ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை, நீங்களே கேளுங்கள். வந்த மூன்றாம் நாள் கும்பகோணம் போனேன். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பையன் நல்லவனா?" என்றார். படிக்கட்டில் இறங்கியதைச் சொன்னேன். "அப்புறம் என்ன? நடத்திரு" என்றார். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கே வியப்பு.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்கப் போகிறீர்கள். எப்படிச் சொல்வது? வெறும் செய்தியா அது? வாக்கு. முகூர்த்த நாளாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். நல்ல நாள் குறிப்பதற்குள் பௌர்ணமி கழிந்து தேய்பிறை வந்துவிட்டது. தேய்பிறையில் வாக்குக் கொடுப்பதில்லை. அது முடிவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது கல்யாணப் பேச்சு எடுப்பார்களா? ஆவணி பிறந்தபோது மறுபடியும் தேய்பிறை. அமாவாசை கழியட்டும் என்றிருந்தேன். இதற்கிடையில் ஞாயிறுதோறும் மகள் பேசினாள். மருந்து சாப்பிட்டேனா, மழை பெய்ததா என்று கேட்பாள். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நல்ல செய்தியை நல்ல நாளில் சொல்லி அவளைத் திகைக்க வைக்கலாம் என்று நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்த வாரங்களில் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன், அம்மா. அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆவணி வளர்பிறையில் வியாழக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, விளக்கேற்றிவிட்டுப் பேசினேன்.

"முல்லை, மாமாவும் நானும் கலந்து பேசினோம். எங்களுக்குச் சம்மதம். சம்பந்தியம்மாளிடம் சொல்லிவிடு."

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக் காத்திருந்தேன்.

"எதுக்கும்மா சம்மதம்?" என்றாள். "நான் ஜூன்லயே அவங்ககிட்ட சொல்லிட்டேன். எங்கம்மாவுக்கு இஷ்டமில்லன்னு. அந்த மேசையிலயே சொல்லிட்டேன். அப்புறம் ஃபோன்ல அவங்க அழுதாங்க. நான்தான் சமாதானம் பண்ணேன். இப்ப போய், இல்ல, அது வேற அர்த்தம்னு சொல்லவா?"

"சொல். அதுதானே உண்மை?"

"ரெண்டரை மாசம்மா. ஒரு ஃபோன் போதும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ சொல்லுவ, சொல்லுவன்னு பார்த்தேன். மழை பெஞ்சுதான்னு கேட்டுட்டு வெச்சேன்."

"ஆடி மாதத்தில் எப்படிச் சொல்வது?" என்றேன்.

அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். அல்லது வேறு ஏதோ. "சரிம்மா. நாங்க ரெஜிஸ்டர் பண்றோம். நீ அலைய வேண்டாம். எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு ஒரு பேப்பர் கேக்குறாங்க, பெத்தவங்க கையெழுத்துப் போட்டு. அத மட்டும் அனுப்பு" என்றாள்.

ஒரத்தநாடு தாண்டிவிட்டோமா? சரி. மீதி கொஞ்சம்தான். பின்னால் முடிவானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

திருமணம் புரட்டாசியில். நாள் பார்க்கவில்லை, பதிவாளர் எந்த நாளைக் கொடுத்தாரோ அந்த நாள். லிஸ்பனில்தான் நடக்கிறது.

விருந்து லூர்து அம்மாள் வீட்டில். சமையலும் அவரே. பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரில் நான் இல்லை.

விசா எடுக்க அழைப்புக் கடிதம் வேண்டும். கேட்டேன். "பாக்கலாம்மா" என்றாள். பிறகு கடிதம் வரவில்லை. நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அண்ணன் என்மேல் கோபமாக இருக்கிறார். "நான் அன்னைக்கே சரின்னு சொன்னேன்ல? உன்ன யாரு பஞ்சாங்கம் பாக்கச் சொன்னா?" என்கிறார். கை நனைக்காதே என்று சொன்னவர் அவர்தான். அது அவருக்கு நினைவில்லை.

அந்தத் தாளுக்காகத்தான் இன்று தஞ்சாவூர் போய் வருகிறேன். நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். என் மகள் நன்முல்லைக்கு இன்றுவரை திருமணம் ஆகவில்லை என்று தாயாகிய நான் உறுதி கூறுகிறேன். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன், "இந்தத் திருமணத்துக்கு எனக்கு முழுச் சம்மதம் என்று ஒரு வரி கீழே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். தட்டச்சு செய்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கு இதுல இடமில்லம்மா. அத யாரும் கேக்கல" என்றாள். கையெழுத்துப் போட்டேன். முத்திரை வைத்தார்கள்.

அந்தப் பெண் நல்ல பெண். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "வேணும்னா தனிப் பேப்பர்ல லெட்டர் மாதிரி அடிச்சுத் தரேன், இதோட சேர்த்து அனுப்பிடுங்க. யாரு பேருக்குப் போடட்டும், பொண்ணுக்கா, அந்த அம்மாவுக்கா?" என்று கேட்டாள். விசைப்பலகையில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வீட்டில் கலந்துகொண்டு நாளை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, இந்தப் பேருந்தைப் பிடித்தேன்.